அக்குள் வியர்வைக்கு லேசர்: பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி

கேள்வி: எனக்கு வயது 25. வங்கியில் வேலை பார்க்கிறேன். ஏசிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாலும் அக்குள் நனைந்து, சுடிதாரில் ஈரம் வட்டமாகத் தெரிகிறது. பள்ளியில் படிக்கும்போதே தொடங்கியது, அம்மாவுக்கும் உண்டு. மூன்று மாதத்தில் கல்யாணம். ஆறு சிட்டிங் லேசர் எடுத்தால் வியர்வை நின்றுவிடும் என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: முதலில் அவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள். அந்த லேசர் முடிக்கா, வியர்வைச் சுரப்பிக்கா? ஆறு சிட்டிங் என்பதைப் பார்த்தால் அநேகமாக முடி நீக்கும் லேசர்தான். அது முடியில் உள்ள கருப்பு நிறமியைப் பிடித்துச் சூடாக்கி வேரை அழிக்கும். வியர்வைச் சுரப்பியில் அப்படிப் பிடித்துக்கொள்ள நிறமி கிடையாது. முடி போனால் வாடை கொஞ்சம் குறையலாம். ஈரம் குறையும் என்று நம்பிப் பணம் கட்டாதீர்கள். முடி நீக்கிய பிறகு வியர்வை கூடியவர்களும் இருக்கிறார்கள். மருத்துவ இதழ்களில் அது பதிவாகியிருக்கிறது.

வியர்வைக்கென்றே செய்யும் லேசர் வேறு. ஊசி போட்டு அக்குளை மரத்துப்போகச் செய்து, தோலில் சில மில்லிமீட்டர் கீறி, மெல்லிய ஒளியிழையை உள்ளே விட்டு, கொழுப்பும் தோலும் சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளைச் சுட்டு அழிப்பார்கள். இது ஒரு சிறு அறுவை சிகிச்சை. பலன் பெற்றவர்கள் உண்டு. ஆனால் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. தீக்காயம், தழும்பு, சில வாரங்களுக்கு உணர்ச்சி மந்தம் வரலாம். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது இதை நான் சொல்லமாட்டேன். கீறாமல் சுரப்பியை அழிக்கும் மைக்ரோவேவ் கருவிக்கு அமெரிக்காவில் 2011-இல் அனுமதி கிடைத்தது. அதில் பலன் நீடிக்கும். ஆனால் செலவு அதிகம், எல்லா ஊரிலும் கிடைக்காது.

சரி, உங்களுக்கு என்ன செய்யலாம்? இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வியர்க்கிறதா, தூங்கும்போது நின்றுவிடுகிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால், சின்ன வயதில் தொடங்கி அம்மாவுக்கும் இருப்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, இது உடம்பின் வாகு. சுரப்பிக்குப் போகும் நரம்பு தேவைக்கு மேல் தூண்டுகிறது, அவ்வளவுதான். சுத்தக்குறைவு இல்லவே இல்லை. பத்து வருடம் கருப்பு உடையாகப் போட்டுக் காலம் தள்ளிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஆனால் இரவில் படுக்கை நனைகிற அளவு வியர்த்தால், எடை குறைந்தால், படபடப்பு இருந்தால் தைராய்டு, சர்க்கரை, காசநோய் பரிசோதனைகள் முதலில். மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் வியர்வையைக் கூட்டும்.

சிகிச்சையை 20 சதவீத அலுமினியம் குளோரைடு கரைசலில் தொடங்கலாம். விலை குறைவு. பலர் காலையில் குளித்த கையோடு தடவி, எரிகிறது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலமாகிவிடும், அதனால்தான் எரிச்சல். இரவு படுக்கும்முன் அக்குளைத் துடைத்து, மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காயவிட்டு, மெல்லியதாகத் தடவுங்கள். தூக்கத்தில் வியர்க்காது என்பதால் மருந்து துவாரத்தில் தங்கி அடைத்துக்கொள்ளும். காலையில் கழுவிவிடுங்கள். ஷேவ் செய்த அன்று வேண்டாம். குறைந்த பிறகு வாரம் ஒன்றிரண்டு நாள் போதும். அக்குளை அடைத்தால் உடம்பு சூடாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். உடம்பிலுள்ள வியர்வைச் சுரப்பிகளில் அங்கே இருப்பது மிகச் சிறு பங்குதான்.

ஒரு மாதம் பார்த்தும் குறையவில்லையென்றால் போடாக்ஸ் ஊசி. சுரப்பிக்குப் போகும் நரம்பின் தூண்டலைத் தற்காலிகமாகத் தடுக்கும் மருந்து இது. போடுவதற்கு முன் டாக்டர் அக்குளில் அயோடின் பூசி, காய்ந்ததும் மாவைத் தூவுவார். வியர்க்கிற இடம் மட்டும் கருநீலமாகப் புள்ளி புள்ளியாக எழும்பும். அந்தப் பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன ஊசிகளாக, வழக்கமாகப் பக்கத்துக்கு 50 யூனிட் போடுவார்கள். ஒரு வாரத்தில் பலன் தெரியும், ஆறு மாதம் போல நிற்கும். முகூர்த்தத்துக்கு மூன்று, நான்கு வாரம் முன்பே போட்டுக்கொண்டால், எங்காவது விட்டுப்போயிருந்தாலும் சரிசெய்ய நேரம் இருக்கும். கர்ப்பத்தின்போதும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் இந்த ஊசி போடுவதில்லை. கல்யாணம் ஆனதும் குழந்தைக்குத் திட்டமிருந்தால் அதையும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.