அடிக்கடி வயிறு உப்பும் பசு: பாட்டிலை வைத்துவிட்டுத் தீவனத் தொட்டியைப் பாருங்கள்

கேள்வி: பர்மாவில் பெகு பக்கம் மூன்று மாடு வைத்திருக்கிறேன். ஏழு மாதச் சினையான கலப்பினப் பசுவுக்குப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை வயிறு உப்புகிறது. கடையில் தரும் மருந்தை ஊற்றினால் இறங்குகிறது, பிறகு மறுபடியும் வருகிறது. பாலும் சட்டென்று குறைந்துவிட்டது. உளுந்துக்கொடி போடுவதால் வருகிறதா? அதையே தின்னும் மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன. கொட்டகையை ஒட்டி வீடு கட்டுவதால் சரியாகக் கவனிக்கவும் முடியவில்லை. எந்த மருந்து நல்லது?

பதில்: தம்பி, பனி ஈரத்தோடு அறுத்த பச்சைக்கொடியை வெறும் வயிற்றில் போட்டால் நுரை கட்டி உப்பும். முதலில் வைக்கோல், வெயிலேறிய பிறகு வாடிய கொடி என்று மாற்றுங்கள். ஆனால் கோளாறு கொடியில் மட்டும் இருந்தால் மற்ற இரண்டுக்கும் ஒரு முறையாவது உப்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய வீட்டு வேலைதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. கம்பி கட்டும்போது வெட்டி விழும் கட்டுக்கம்பித் துண்டு விரல் நீளம்கூட இருக்காது. மாடு நாக்கால் சுருட்டி விழுங்கிவிட்டுப் பிறகுதான் அசைபோடும், அதனால் வைக்கோலோடு போகும் கம்பி அதற்குத் தெரியாது. இரும்பு, உள்சுவர் தேன்கூடு போலிருக்கும் தேன்கூட்டு வயிறு என்ற வயிற்று அறையில் தங்கிவிடும். அந்த வயிற்றுக்கும் இதயத்துக்கும் நடுவே இருப்பது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானம் மட்டும்தான். கம்பி குத்தி நின்றால் வயிற்றின் அசைவு தளரும், ஏப்பம் சரியாக வராது, காற்று தங்கி உப்பும். சினை வளர வளரக் கர்ப்பப்பை நெருக்குவதால் கம்பி இன்னும் முன்னே ஏறும்.

இன்றைக்கே பாருங்கள்: முதுகை வளைத்து, முன்னங்காலின் முழங்கை மூட்டை வெளியே விரித்து நிற்கிறதா? மேட்டிலிருந்து இறங்கத் தயங்குகிறதா? படுத்து எழும்போது முனகுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் கால்நடை டாக்டரை அழைத்து, விழுங்க வைக்கும் காந்தம் போடலாமா என்று கேளுங்கள். அது உள்ளேயே தங்கி இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் பையும் கயிறும் பந்தாகச் சுருண்டு கிடந்தாலும் இதேபோல் திரும்பத் திரும்ப உப்பும். அதற்குக் காந்தம் உதவாது, வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும்.

பாட்டில் மருந்து காற்றை இறக்கும், கம்பியை எடுக்காது. மாட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒவ்வொரு முறையும் அதே பாட்டிலை நீட்டுகிற கடைக்காரருக்கு உங்கள் பசு குணமாவதில் லாபம் இல்லை. அந்தக் காசுக்குப் பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்று வாங்குங்கள். தவிட்டையும் பொடித்த பிண்ணாக்கையும் தொட்டியில் கொட்டுமுன் அதைக் கொண்டு துழாவுங்கள். வைக்கோலை உதறிப் போடுங்கள். கம்பி வெட்டும் இடத்தைக் கொட்டகையிலிருந்து தள்ளி வைத்து, சாயங்காலம் ஆள் விட்டுப் பொறுக்கச் சொல்லுங்கள். பத்து வகை மருந்தைவிட இந்த வேலையைத்தான் நான் நம்புகிறேன்.

இதற்கிடையில் உப்பினால் முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்துங்கள். தலையைத் தூக்கிப் பிடித்து எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். இடது விலாப்பக்கம் முதுகெலும்புக்கு மேலே எழும்பி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் டாக்டரை அழையுங்கள். உப்பாத நாளிலும் கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தாலோ, நெஞ்சுக்குக் கீழே நீர் கோத்து வீங்கினாலோ கம்பி இதயப் பையைத் தொட்டிருக்கலாம். அப்போது காந்தம் போதாது, டாக்டர் அன்றே வந்தாக வேண்டும்.