ஐஸ்லாந்துக்காரர்கள் கணினியை "எண்களின் குறிகாரி" என்றா சொல்கிறார்கள்?

சொல் பிறந்த கதை அதுதான். ஆனால் அது நிலைத்ததற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன்.

ஐஸ்லாந்து மொழியில் கணினிக்கு 'தொல்வா' என்று பெயர். 'தாலா' என்றால் எண். 'வொல்வா' என்பவள் பழங்கதைகளில் குறிசொல்லும் பெண். இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று நுழைத்துவிட்டார்கள். அதனால் இதை முறையான கூட்டுச்சொல் என்று சொல்வதும் கொஞ்சம் கஷ்டம்தான்.

1964இல் ஐஸ்லாந்து பல்கலைக்கழகம் ஐபிஎம் 1620 என்ற கணினி ஒன்றை வாங்கியது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட இயந்திரத்தை 'மின்மூளை' என்ற பொருளில் ஒரு சொல்லாலும், 'ரஃபெய்ந்தரெய்க்னிர்' என்ற இன்னொன்றாலும் குறிப்பிட்டார்கள். இரண்டாவதற்கு எலெக்ட்ரான் கணிப்பான் என்று பொருள். (அதில் உள்ள 'ரஃப்' அம்பர் பிசின். கிரேக்கத்தில் அம்பருக்கு எலெக்ட்ரான் என்று பெயர். அதைப் பார்த்து ஐஸ்லாந்துக்காரர்களும் மின்சாரச் சொற்களுக்கு முன்னால் 'ரஃப்' வைத்தார்கள்.) பொருள் சரி, ஆனால் தினமும் வாயில் புழங்குகிற நீளமா அது?

1965 வாக்கில் 'தொல்வா'வை முன்வைத்தவர் இலக்கியப் பேராசிரியர் சிகுர்தூர் நோர்தால். அப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. ஒரு வொல்வா உலகத்தின் தோற்றத்தையும் அழிவையும் சொல்வதாக அமைந்த 'வொலுஸ்பா' என்ற பழம்பாடலை 1923இலேயே உரையோடு பதிப்பித்தவர் அவர். கணினிக்குப் பெயர் தேடும்போது குறிகாரி வந்து நின்றதில் ஆச்சரியமே இல்லை.

இணையத்தில் எல்லோரும் இந்தக் குறிகாரியோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இலக்கணம்தான் முக்கியமாகப் படுகிறது. 'தொல்வா' இரண்டே அசை. 'வொல்வா' மாதிரியே பெண்பால் சொல்லாக வேற்றுமை ஏற்கும். மேலே எதை ஒட்டினாலும் தாங்கும்: 'ஃபார்தொல்வா' என்றால் பயணக் கணினி, அதாவது மடிக்கணினி; 'ஸ்ப்யால்ட்தொல்வா' என்றால் பலகைக் கணினி, நம் டேப்லெட். மின்னஞ்சல்கூட 'கணினித் தபால்'தான். ஐந்து அசைச் சொல்லை வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்திருக்க முடியுமா?

ஒரு வம்பு மட்டும் பாக்கி. அந்த மொழியில் 'தாலா' வேற்றுமை ஏற்கும்போது 'தோலு' ஆகும், அகரம் திரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில், 'தொல்வா' வேற்றுமை ஏற்று 'தொல்வு' என்று வருவதைக் கேட்பவர்கள், எழுவாய் 'தல்வா'வாகத்தான் இருக்கும் என்று தாங்களே பின்னோக்கிக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். 'வொல்வா'வில் எழுவாயிலும் ஒகர ஒலியே வரும் என்பதால் 'தொல்வா'தான் சரி என்று மொழி வழிகாட்டிகள் சொல்கின்றன. ஆனாலும் 'தல்வா' பேச்சிலிருந்து போன பாடில்லை.