மரத்தை ஒட்டிப் போகும் செம்புக் குழாயை வீட்டிலேயே சால்டர் (உருக்கி இணைக்கும் உலோகக் கலவை) வைத்துப் பற்றவைக்கும்போது பக்கத்தில் இருப்பவை கருகாமல் காப்பது எப்படி?

குழாய்க்குப் பின்னால் ஒரு தகரத் துண்டைச் செருகினால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சமையலறைத் தொட்டிக்கு அடியில், அலமாரிப் பலகையை ஒட்டியிருந்த ஒரு எல்போவை, அதாவது குழாய் திரும்பும் இடத்து வளைவுத் துண்டை, அப்படித்தான் பற்றவைத்தேன். இணைப்பு நன்றாகவே வந்தது. தகரத்தை உருவினால், பலகையில் உள்ளங்கை அளவுக்குக் கரும்பழுப்பாக ஒரு திட்டு, நடுவிலிருந்து நூல் போலப் புகை. சுடர் மரத்தைத் தொடவே இல்லை. தகரம் வாங்கிய சூட்டை அப்படியே மரத்துக்குக் கொடுத்திருக்கிறது.

அன்றிலிருந்து தகரத்தை மரத்தோடு ஒட்டி வைப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விடுவேன். தகரத்துக்கு முன்னால், பிளம்பர்கள் வைத்திருக்கும் தீத்தடுப்புத் துணியைத் தொங்கவிடுவேன். அதற்கும் முன்பே பலகையில் தண்ணீர் தெளித்து நன்றாக ஈரமாக்கிவிடுவேன். பழைய ஆஸ்பெஸ்டாஸ் அட்டை கையில் கிடைத்தாலும் அதை மட்டும் பயன்படுத்தாதீர்கள், அதன் தூசு நுரையீரலுக்கு ஆபத்து.

ஆனால் இந்தத் தடுப்புகளை எல்லாம் விட முக்கியம், சுடர் எவ்வளவு நேரம் எரிகிறது என்பது. ஈயம் இல்லாத சால்டர் சுமார் 220–230 டிகிரி செல்சியசிலேயே உருகும். கேஸ் டார்ச் சுடரின் வெப்பமோ ஆயிரம் டிகிரிக்கு வெகு மேலே. குழாயின் முனையையும் ஃபிட்டிங்கின் (இணைப்புத் துண்டின்) உட்புறத்தையும் செம்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, சால்டர் பரவி ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் பசையைத் தடவியிருந்தால், அரை அங்குலக் குழாய்க்கு அரை நிமிடம்கூட ஆகாது. குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்தால் கதையே வேறு. அந்தத் தண்ணீர் ஆவியாகி முடியும்வரை செம்பு 100 டிகிரியைத் தாண்டாது. சால்டர் உருகவில்லையே என்று நாம் சுடரை அங்கேயே பிடித்திருப்போம், பக்கத்துப் பலகை வெந்துகொண்டிருக்கும். அதனால் முதலில் தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். நீராவி வெளியேற ஒரு குழாயைத் திறந்தே வையுங்கள்.

சுடரைச் சுவரை நோக்கிப் பிடிக்காமல் சுவரோடு இணையாகப் பிடியுங்கள். முடிந்த இணைப்புகளை எல்லாம் வெளியே மேசையில் வைத்துப் பற்றவைத்துவிட்டு, கடைசி ஒன்றிரண்டை மட்டும் இடத்தில் செய்யுங்கள். டார்ச் நுழையவே இடமில்லை என்றால் நட்டை முறுக்கி இறுக்கும் கம்ப்ரஷன் ஃபிட்டிங் போடுங்கள், அதற்கு நெருப்பே தேவையில்லை.

செம்பு சூட்டை வேகமாகக் கடத்தும். பக்கத்தில் வால்வு இருந்தால் உள்ளிருக்கும் ரப்பர் வாஷரைக் கழற்றிவிட்டு, வால்வின் மேல் ஈரத்துணி சுற்றுங்கள். துணி இணைப்பைத் தொடக்கூடாது, தொட்டால் சால்டர் ஓடாது. பிவிசி குழாய் 80 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும், அதையும் மறைத்துவிடுங்கள்.

எனக்கு இன்றும் பயம் தருவது, பலகையைத் துளைத்துக் குழாய் போகும் இடம்தான். அந்த ஓட்டைக்குள் தூசு, ஒட்டடை, மரத்தூள் எல்லாம் இருக்கும். ஒரு பொறி விழுந்தால் வெளியே தெரியாமல் மெல்லப் புகைந்துகொண்டே இருக்கும். ஆரம்பிக்கும் முன் ஓட்டையைச் சுத்தம் செய்து ஈரத்துணியால் அடையுங்கள். வேலை முடிந்ததும் டார்ச்சை எடுத்து வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். தீயணைப்பானும் ஒரு வாளித் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், நீங்களும் ஒரு மணி நேரமாவது அங்கேயே இருங்கள். அவ்வப்போது ஓட்டையருகே புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தணியாமல் ஏறினாலோ கருகல் வாடை வந்தாலோ உடனே தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், பலகைக்குப் பின்னால் எதுவரை பரவியிருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.