வளைக்குள் ஃபெரெட்டை விடலாமா? – வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். ஏற்காடு நாகலூர் பக்கம் எங்களுக்குக் காபித் தோட்டம் உள்ளது. இங்கிலாந்தில் ஃபெரெட் என்ற சிறு விலங்கை முயல் வளைக்குள் விட்டு, வெளியே பாய்ந்து வரும் முயல்களை வலையில் பிடிப்பதைக் காணொளியில் பார்த்தேன். எங்கள் தோட்டத்தில் எலியும் உண்டு, முயலும் உண்டு. ஏற்காட்டுக் குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். வாங்கி வளர்க்கலாமா? அதைத் தமிழில் கீரி என்பதா, மரநாய் என்பதா?

பதில்: இரண்டும் இல்லை. மரநாய் என்பது உங்கள் தோட்டத்திலேயே இரவில் காபிப் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையை எச்சத்தில் விட்டுச் செல்லும் விலங்கு. கீரி வேறு குடும்பம். ஃபெரெட், நீர்நாய் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவின் காட்டு இனம் ஒன்றிலிருந்து மனிதன் பழக்கி எடுத்த வீட்டு விலங்கு. ஃபெரெட் என்றே எழுதிவிடுவது குழப்பத்தைக் குறைக்கும்.

வேலை பழையது. ஸ்பெயின் நாட்டில் முயல் தொல்லை தாங்காமல், இதைப் போன்ற விலங்குகளுக்கு வாய்க்கட்டுப் போட்டு வளைக்குள் விட்டார்கள் என்று சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க நிலவியல் அறிஞர் ஸ்டிராபோ எழுதியிருக்கிறார். இன்றைய முறையும் அடிப்படையில் அதுதான். செடிகொடிகள் காய்ந்து வளைவாய்கள் கண்ணுக்குத் தெரியும் குளிர்காலத்தில், காலடி ஓசைகூடக் கேட்காதபடி நடந்து சென்று, ஒவ்வொரு வளைவாயிலும் சுருக்குப் பை போன்ற வலையை விரித்து, அதன் கயிற்றை முளையடித்துக் கட்டுவார்கள். பிறகு ஒரு வலையின் ஓரத்தைத் தூக்கி ஃபெரெட்டை உள்ளே விடுவார்கள். சற்று நேரத்தில் தரைக்கடியில் திம் திம் என்று முயல் பின்னங்காலால் அடிக்கும் ஓசை எழும். அடுத்த கணம் ஏதோ ஒரு வாயிலிருந்து முயல் பாய, அதன் வேகத்திலேயே வலை சுருங்கிக்கொள்ளும்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு சங்கடம் உண்டு. முயல் ஓடாமல் முட்டுச் சந்தில் பதுங்கிவிட்டால் ஃபெரெட் அதை அங்கேயே கொன்று, தின்று, பக்கத்திலேயே சுருண்டு தூங்கிவிடும். முன்பெல்லாம் கயிறு கட்டிய ஆண் ஃபெரெட் ஒன்றைப் பின்னால் அனுப்பி, கயிறு போன தூரத்தைக் கணக்கிட்டுத் தோண்டுவார்கள். இப்போது கழுத்துப்பட்டையில் சிறு ரேடியோ கருவி வைத்து, மேலிருந்து இடத்தையும் ஆழத்தையும் அறிந்து மண்வெட்டியால் தோண்டி எடுக்கிறார்கள். மண்வெட்டி இல்லாமல் யாரும் இந்த வேலைக்குப் போவதில்லை.

இனி உங்கள் தோட்டத்துக்கு வருவோம். இந்த முறை முழுவதும் ஒரே ஒரு விஷயத்தை நம்பி நிற்கிறது: ஐரோப்பிய முயல் கூட்டமாக வளை தோண்டி வாழ்கிறது. சேர்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் திரியும் நம் காட்டு முயல், பிடரியில் கரும்பட்டை உள்ள வேறு இனம். அது வளை தோண்டுவதே இல்லை. புல் புதரில் உடம்பளவுக்கு ஒரு பள்ளம் பதித்துப் படுத்திருந்து, நாம் கிட்டத்தட்ட மிதிக்கப் போகும்போது எழுந்து ஓடும். குட்டியும் கண் திறந்து, உடம்பில் ரோமத்தோடுதான் பிறக்கும். வளையே இல்லாத முயலுக்கு ஃபெரெட்டை எந்த வாயில் விடுவது?

எலிக்கு வளை உண்டே என்பீர்கள். உண்டு; ஆனால் நம் வரப்பில் மிகுதியாகக் காணப்படும் வரப்பெலி உள்ளே போனதும் வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும் பழக்கமுடையது. வலை விரிப்பதற்குத் திறந்த வாயே இருக்காது. மேலும், வளைத்துப் பிடிக்கப்பட்ட பெரிய எலி திருப்பிக் கடிக்கும்; முக்கால் கிலோ எடையுள்ள பெண் ஃபெரெட்டுக்கு அந்தக் காயம் சீழ் பிடிப்பது சாதாரணம். இங்கிலாந்திலும் எலி வேலைக்கு ஃபெரெட்டை மட்டும் நம்புவதில்லை. வெளியே வரும் எலியைக் கவ்வ டெரியர் நாய்களை நிறுத்திக்கொள்கிறார்கள்.

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டின் குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் தப்பித்துப் போனால் என்ன ஆகும் என்பதை நியூசிலாந்திடம் கேட்க வேண்டும். 1880களில் முயலை ஒழிக்க ஃபெரெட்டையும் அதன் உறவினங்களையும் கொண்டுபோய் விட்டார்கள். முயல் ஒழியவில்லை, தரையில் கூடு கட்டும் கிவி முதலான பறவைகள் அழிவின் விளிம்புக்குப் போயின. 2002இல் ஃபெரெட் விற்பனையையும் வளர்ப்பையும் அங்கே தடை செய்தார்கள். நம் சோலைகளிலும் தரையில் முட்டையிடும் காட்டுக்கோழியும் காடையும் இருக்கின்றன. உயிருள்ள விலங்கை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இறக்குமதி அனுமதியும் நோய்த்தடுப்புக் காப்பகச் சோதனையும் வேண்டும் என்பது தனிக் கதை. என் கருத்து: வேண்டாம்.

கேள்வி: வாழப்பாடி அருகே எங்கள் மானாவாரி நிலத்தில் நிலக்கடலையும் உளுந்தும் முளைத்து இரண்டு இலை விட்டவுடன் முயல் கடித்துவிடுகிறது. ஃபெரெட் இல்லாவிட்டால் போகட்டும், வலை கட்டியோ கண்ணி வைத்தோ பிடிக்கலாமா? கீரி பிடித்து வந்து விட்டால் முயலும் எலியும் அண்டாது என்கிறார்கள்.

பதில்: பிடிக்கக் கூடாது. காட்டு முயலும் கீரியும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. கண்ணி வைத்தால் வழக்கு வரும். கீரியைப் பற்றிய யோசனை புதிதும் அல்ல. கரும்புத் தோட்ட எலிகளுக்காக 1872இல் நம் நாட்டுக் கீரிகளை ஜமைக்காத் தீவுக்குக் கொண்டு போனார்கள். எலி பெரும்பாலும் இரவில் நடமாடுவது, கீரி பகலில் இரை தேடுவது. கீரி கோழியையும் பறவை முட்டையையும் ஓணானையும் தின்னத் தொடங்கியது.

உங்களுக்குத் தொல்லை, முளைத்த முதல் சில வாரங்கள்தான். அந்த நாட்களுக்கு மட்டும் பழைய சேலைகளை வயலைச் சுற்றி இரண்டடி உயரத்துக்குக் கட்டுவது நம் பக்கத்தில் பலரும் செய்வது. சேலையின் அடிப்பக்கம் மண்ணில் புதைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முயல் முகத்தால் தள்ளிக்கொண்டு நுழைந்துவிடும். செலவழிக்க முடிந்தால் இரண்டரை அடி கம்பி வலை பல ஆண்டுகள் உழைக்கும். மின்வேலி பற்றி யோசிக்கவே வேண்டாம், மனிதர்களைக் கொன்றிருக்கிறது.

உங்கள் ஊர்ப் பக்கம் என்பதால் இன்னொன்று. பொங்கலை ஒட்டி வங்காநரியை வலை வைத்துப் பிடித்து, அதன் முகத்தில் விழித்தால் நல்லது என்று ஊர்வலம் விடும் வழக்கத்தை வனத்துறை தடுத்துவருவது உங்களுக்குத் தெரியும். அந்த நரியின் அன்றாட உணவில் எலிக்குப் பெரிய பங்கு உண்டு. முகத்தில் விழிக்க ஆசைப்படுகிறவர்கள் அதன் வயிற்றையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

கேள்வி: ஆத்தூர் வட்டத்தில் இரண்டு ஏக்கர் நெல், ஒரு ஏக்கர் குச்சிக்கிழங்கு. நெல் வரப்பில் எங்கு பார்த்தாலும் எலி வளை. மருந்து வைத்தும் போகவில்லை.

பதில்: எந்த மருந்து, எப்படி வைத்தீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலும் நான் செய்த தவற்றைத்தான் நீங்களும் செய்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் அயோத்தியாப்பட்டணம் அருகே எங்கள் வயலில், வாங்கிவந்த அன்று மாலையே துத்தநாக பாஸ்பைடைப் பொரியில் கலந்து வரப்பெல்லாம் வைத்துவிட்டேன். மறுநாள் மூன்று எலிகள் செத்துக் கிடந்தன, வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். அதன்பின் ஒரு எலிகூட அந்தப் பொரியைத் தொடவில்லை. கொஞ்சமாகத் தின்று, உடம்புக்கு ஏதோ செய்து, பிழைத்துக்கொண்ட எலி அந்த உணவை அடையாளம் வைத்துக்கொள்ளும். எனவே முதல் இரண்டு மூன்று நாட்கள் மருந்தில்லாத வெறும் பொரியையோ உடைத்த அரிசியையோ எண்ணெய் தடவி வைத்துப் பழக்கி, பிறகே 49 பங்கு இரைக்கு 1 பங்கு மருந்து கலந்து ஒரே ஒரு நாள் வைக்க வேண்டும். கலக்கும்போது கையுறை கட்டாயம். இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. செத்த எலிகளை ஆழப் புதைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நாய் தின்று மடியக்கூடும்.

அதற்கு முன் எது உயிருள்ள வளை என்று பாருங்கள். மாலையில் எல்லா வாய்களையும் மண்ணால் மூடிவிட்டு, மறுநாள் காலை எது புதிதாகத் திறந்திருக்கிறதோ, எதன் முன்னால் ஈர மண் புதிதாகக் குவிந்திருக்கிறதோ, அங்கே மட்டும் வேலை செய்தால் போதும். வரப்பு அகலமாக இருந்தால் எலிக்கு மாளிகை. ஒன்றரை அடிக்கு மேல் போகாமல் செதுக்கிப் புல்லை நீக்குங்கள். மூங்கிலில் செய்யும் எலிப்பொறிகளான தஞ்சாவூர் கிட்டிகளை மாலையில் வைத்துக் காலையில் எடுக்கலாம். கிட்டி வைக்கும் ஆட்கள் எலி நடந்து நடந்து வழுவழுப்பாகிவிட்ட தடத்தைக் கண்டுபிடித்து அதில்தான் வைப்பார்கள். நாம் கண்ட இடத்தில் வைத்துவிட்டுக் கிட்டியைக் குறை சொல்கிறோம்.

எலியைத் தின்னும் ஆந்தையான கூகைக்காக ஏக்கருக்கு 15 முதல் 20 இடங்களில் ஆங்கில ‘டி’ எழுத்து வடிவத்தில் குச்சி நட்டு வையுங்கள். தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலும் சரி. சாக்குருவி என்று அதைக் கல்லால் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது உட்காரும் மரத்தடியில் ஒரு நாள் போய்ப் பாருங்கள்: அது கக்கிய, கட்டைவிரல் பருமனுள்ள கறுப்பு உருண்டைகள் கிடக்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலியின் மண்டையோடும் பல்லும் முடியும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வளைக்குள் போக முடியாவிட்டாலும், எலி வெளியே வரும் நேரம் கூகைக்குத் தெரியும்.

குச்சிக்கிழங்கு வயலில் கிழங்கைத் தோண்டித் தின்பது எலியாக இல்லாமல் முள்ளம்பன்றியாகவோ பன்றியாகவோ இருக்கக்கூடும். பல் தடத்தின் அகலத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள், பிறகு சொல்கிறேன்.

கேள்வி: ஓமலூரில் சிறிய முயல் பண்ணை வைத்திருக்கிறேன். பிறந்த குட்டிகளை எலி தூக்கிவிடுகிறது. ஃபெரெட் வாடை இருந்தாலே எலி ஓடிவிடுமாமே?

பதில்: முயலும் ஓடத் துடிக்கும், கூண்டில் ஓட இடமில்லாமல் மிரண்டு, தாய் தன் குட்டியையே மிதித்துக் கொல்லும். பூனையைக் காவல் வைத்துப் பாலைப் பாதுகாப்பது போன்ற ஏற்பாடு இது. பண்ணை முயலின் குட்டி ரோமமில்லாமல், கண் மூடியே பிறப்பதால் முதல் பத்துப் பன்னிரண்டு நாட்கள் அதனால் நகரவும் முடியாது. குட்டிப் பெட்டி இருக்கும் கூண்டுக்கு மட்டுமாவது அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடியுங்கள். கூண்டுக் கால்களைத் தரையிலிருந்து உயர்த்தி, அவற்றில் தகரக் கூம்பைக் கவிழ்த்து மாட்டுங்கள். சிந்திய தீவனத்தை இரவுக்கு முன் கூட்டி அள்ளுங்கள். எலி முதலில் வருவது தீவனத்துக்கு, குட்டி பிறகுதான்.

கேள்வி: வெளிநாடு சென்ற நண்பர் தம் பெண் ஃபெரெட்டை என்னிடம் விட்டுச் சென்றார். சேலம் நகரில் மாடி வீட்டில் வைத்திருக்கிறேன். பால் சோறு தருகிறேன். ஒரு மாதமாகப் பிறப்புறுப்பு வீங்கியே இருக்கிறது. ஈறு வெளுத்துச் சோர்ந்து படுக்கிறது. வெயில்தான் காரணமா?

பதில்: இந்த இதழ் வெளிவரும் வரை காத்திருக்க வேண்டாம் என்று தங்களுக்குத் தனியே எழுதிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். பெண் ஃபெரெட் இனச்சேர்க்கை நடந்தால்தான் கருமுட்டையை வெளிவிடும். சேர்க்கை இல்லாவிட்டால் வாரக் கணக்கில் சினைப்பருவத்திலேயே நின்றுவிடும். உடம்பில் மிகுந்துபோகும் ஈஸ்ட்ரோஜன் எலும்பு மஜ்ஜையை முடக்கி, கடுமையான இரத்தசோகையை உண்டாக்கும். ஈறு வெளுத்திருப்பது அதன் அடையாளம். உயிர் போகக்கூடிய நிலை இது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கொண்டு போங்கள். ஹார்மோன் ஊசியா, சினைப்பையையும் கருப்பையையும் நீக்கும் அறுவையா என்பதை இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.

பால் சோற்றை இன்றே நிறுத்துங்கள். அது முழு மாமிச உண்ணி. கோழி இறைச்சி, ஈரல், முட்டை கொடுங்கள். தெருநாய்களிடமிருந்து பரவும் டிஸ்டெம்பர் நோய் வந்தால் ஃபெரெட் பிழைப்பது மிக அரிது. எனவே தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது ஃப்ளூ காய்ச்சல் என்றால் கிட்டப் போகாமல் இருக்கட்டும்; மனித ஃப்ளூ அதற்கும் தொற்றும்.

வெயிலும் சேர்ந்ததுதான். அதற்கு வியர்த்து உடம்பைக் குளிர்விக்கும் திறன் இல்லை. 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும். சேலத்துச் சித்திரை 40 டிகிரி; மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை அதைவிட மோசம். கீழ்த்தளத்தில், சிமெண்டுத் தரையில், ஈரச் சாக்கு விரித்து வையுங்கள். தண்ணீர் பாட்டிலை உறைய வைத்துத் துணியில் சுற்றி அருகில் போட்டால் அதன்மேல் சாய்ந்து தூங்கும்.