தம்பி தீயணைப்புத் துறைக்குப் போகலாமா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் டூ முடித்த பத்தொன்பது வயது மகன், சீருடைப் பணியாளர் தேர்வுக்குப் படிக்கிறான். போலீஸ் வேண்டாம், தீயணைப்புத் துறைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். 'பெற்ற பிள்ளையை நெருப்பில் இறக்கிவிட்டு நான் எப்படிச் சோறு தின்பேன்' என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறீர்கள். பக்கத்து ஊரில் ஒரு தனியார் பயிற்சி நிலையம் ஆறு மாதத்தில் 'ஃபயர் அண்ட் சேஃப்டி' சான்றிதழ் தருகிறதாம். படித்தால் கம்பெனியில் பாதுகாப்பு அலுவலர் வேலை, நெருப்புப் பக்கமே போக வேண்டாம் என்கிறார்களாம். கட்டணம் 65,000 ரூபாய், அதற்கு நகையை அடகு வைக்கலாமா என்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

அரசுத் தீயணைப்புத் துறையில் சேர அந்தச் சான்றிதழ் தேவையே இல்லை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் பொதுத் தேர்வில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான் தகுதி. அதில் தேறியவருக்கு அரசே சம்பளம் கொடுத்துப் பயிற்சியும் அளிக்கிறது. சரி, கம்பெனி வேலைக்காவது உதவுமா என்றால், தொழிற்சாலையில் சட்டம் ஏற்கும் பாதுகாப்பு அலுவலராக வேண்டுமானால் பொறியியல் பட்டமோ பட்டயமோ போன்ற தகுதி வேண்டும், தொழிற்சாலையில் வேலை பார்த்த அனுபவம் வேண்டும், அதற்கும் மேல் அங்கீகாரம் பெற்ற தொழிற்பாதுகாப்புப் பட்டயம் வேண்டும். சென்னை தரமணியில் இருக்கும் மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் அந்தப் படிப்பு இருக்கிறது. பிளஸ் டூ முடித்த கையோடு ஆறு மாதத்தில் அந்த நாற்காலியில் உட்கார முடியாது. இப்படிப் பணம் கட்டிவிட்டுக் கடைசியில் கட்டட வேலை நடக்கும் இடத்தில் தலைக்கவசம் எண்ணிக்கொண்டு, காவலாளி சம்பளம் வாங்கும் பையன்களை நான் பார்த்திருக்கிறேன். படிப்பில் சேர்க்கும்போது அவர்களிடம் காட்டிய புகைப்படத்தில் வெள்ளைத் தொப்பியும் கையில் வாக்கி டாக்கியும் இருந்தன.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். பயம் நியாயமானது. 'ஆபத்தே இல்லை அம்மா' என்று சொல்பவர் இந்த வேலையை அறியாதவர். ஆனால் நீங்கள் பயப்படும் இடம் வேறு, ஆபத்து இருக்கும் இடம் வேறு.

2012 ஜனவரியில் சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தில் கலச மஹால் எரிந்தது. பழைய கட்டடம். உள்ளே போனவர்கள்மேல் அது இடிந்து விழுந்ததில் ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். அன்று அவர்களுடன் உள்ளே இருந்த பெண் அதிகாரி பிரியா ரவிச்சந்திரன் கடுமையான தீக்காயங்களோடு மீண்டு, அதே துறையில் பணியைத் தொடர்ந்தார். 2017 ஜூலையில் கொடுங்கையூரில் ஒரு பேக்கரியில் தீயை அணைக்கப் போனபோது சிலிண்டர் வெடித்தது. அதிலும் ஒரு வீரர் போனார், வேடிக்கை பார்க்க நின்றவர்கள் உட்படப் பலர் காயமடைந்தார்கள். 2020 தீபாவளியின்போது மதுரை நவபத்கானா தெருவில் ஜவுளிக் கடை இருந்த பழைய கட்டடம் சரிந்து இரண்டு வீரர்கள் மடிந்தார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுவர் விழுந்தது, சிலிண்டர் வெடித்தது, சுவர் விழுந்தது. எரிகிற ஜுவாலை கண்ணுக்குத் தெரிகிறது, அதற்கு மனிதன் தானாகவே விலகி நிற்பான். மேலே இருக்கும் கூரை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது புகை. பூட்டிய அறையில் மெத்தையும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் வருகிற புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதனால்தான் முதுகில் காற்று சிலிண்டரும் முகத்தில் மறைப்பும் மாட்டிக்கொண்டு உள்ளே போகிறார்கள். பரவலாக இருக்கும் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் லிட்டர் காற்று அடைபட்டிருக்கும். காகிதக் கணக்கில் அது முக்கால் மணி நேரத்துக்கும் மேல் வர வேண்டும். ஏணியில் ஏறி, ஆளைத் தூக்கி, பயத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினால் அவ்வளவு நேரம் வராது. அழுத்தம் 50 பாரை நெருங்கும்போது மறைப்புக்குப் பக்கத்தில் ஒரு விசில் தானாக ஊதத் தொடங்கும். விசில் ஊதினால் வெளியே வர வேண்டும், உள்ளே யார் கூப்பிட்டாலும் சரி. ஏற்கெனவே திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும் என்றுதான் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், மகனிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதற்குள் இருக்கிறது. 'உனக்குத் தைரியம் இருக்கிறதா' என்று கேட்காதீர்கள். பத்தொன்பது வயதில் எந்தப் பையனும் இருக்கிறது என்றுதான் சொல்வான். 'திரும்பி வா என்றால் வருவாயா' என்று கேளுங்கள். கிரிக்கெட்டில் நடுவர் அவுட் கொடுத்தால் மட்டையைத் தூக்கி எறிகிற பிள்ளையா, முணுமுணுத்துக்கொண்டாவது வெளியேறுகிற பிள்ளையா? உங்களுக்குத் தெரியும்.

கிணறுகளின் கதையும் அதுதான். நம் ஊர்களில் தூர்வார இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க அண்ணன் இறங்குவார், அண்ணனைத் தூக்க மருமகன் இறங்குவார். பாழுங்கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போவது இப்படித்தான். எல்லோரும் அழுது இழுக்கிற அந்த இடத்தில், கயிற்றையும் காற்று சிலிண்டரையும் சரிபார்க்காமல் இறங்க மாட்டேன் என்று நிற்கிறவர்தான் நல்ல தீயணைப்பு வீரர். ஊர்க்காரர்கள் அப்போது திட்டத்தான் செய்வார்கள்.

இன்னொரு விஷயம் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் தீ அழைப்பைவிட மீட்பு அழைப்புகள்தான் அதிகம். வீட்டுக்குள் பாம்பு, பள்ளிக்கூட மரத்தில் கதண்டுக் கூடு, கிணற்றில் விழுந்த மாடு, வீங்கிய விரலில் இறுகிய மோதிரம். என்னிடம் ஆலோசனைக்கு வந்து பிறகு இந்தத் துறையில் சேர்ந்த ஒருவரைப் பார்க்க, ஒரு நாள் காலையில் அவருடைய நிலையத்துக்குப் போயிருந்தேன். வருகைப் பதிவு முடிந்து, பம்பை ஓட்டிப் பார்த்து, ஹோஸ்களை விரித்து இணைப்பு வளையங்களில் இருக்கும் ரப்பரை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டிருந்தார்கள். வண்டியில் 4,500 லிட்டர் தண்ணீர் ததும்ப நிற்க வேண்டும், அதையும் ஏறிப் பார்த்தார்கள். அப்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கிய பெண்ணின் இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை. தலையில் எவர்சில்வர் குண்டான், காது வரை இறங்கிச் சிக்கியிருந்தது. பிள்ளையைவிட அம்மாதான் அதிகமாக அழுதார்.

முன்னணி தீயணைப்போர் ஒருவர் பிள்ளையை மேஜைமேல் உட்காரவைத்துத் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தார், நகரவில்லை. தகடு வெட்டும் கத்தரியை எடுக்கச் சொன்னார். வெட்டத் தொடங்குவதற்கு முன் தன்னுடைய இரண்டு விரல்களைக் குண்டானுக்கும் பிள்ளையின் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டார். கத்தரி வழுக்கினால் முதலில் அவர் விரலில்தான் படும். வெட்டியவர் இளைஞர், கை நடுங்கியது. "மெதுவா, என் விரலுக்கு அவசரமில்லை" என்றார் பெரியவர். கால் மணி நேரத்தில் முடிந்தது. அந்தப் பெண் குண்டானின் இரண்டு துண்டுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பழைய பாத்திரத்துக்குக் கொடுக்கலாம் அல்லவா.

தம்பியின் ஆசையில் சீறிப் போகும் சிவப்பு வண்டி மட்டும் இருந்தால், இந்த மேஜையையும் காட்டிவிடுங்கள்.

கஷ்டங்களையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பணிமுறை பெரும்பாலும் 24 மணி நேரம், நிலையத்திலேயே. சாப்பாடு பாதியில் நிற்கும். இரவு தூங்கலாம், ஆனால் மணி அடித்தால் ஒரு நிமிடத்துக்குள் வண்டியில் இருக்க வேண்டிய தூக்கம் அது. தீபாவளிக்கு ஊரெல்லாம் பட்டாசு வெடிக்கும்போது நிலையத்தில் யாருக்கும் விடுப்பு கிடையாது. மகனின் தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை இல்லாமல் சம்பந்தி வீட்டில் முறுக்கு சாப்பிட நீங்கள் இப்போதே பழகிக்கொள்ள வேண்டியதுதான். இவற்றையெல்லாம்விடக் கனமானது ஒன்று உண்டு. கிணற்றிலும் ஆற்றிலும் போன உடல்களை எடுப்பதும் இவர்கள்தான். நிலையத்தில் நான் பார்க்கப் போனதாகச் சொன்ன அந்த வீரர், தீ ஒரு நாளும் தன் கனவில் வந்ததில்லை என்றார். வளையல் சத்தம் வருகிறது என்றார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பேசுகிற பிள்ளையாகத் தம்பி இருந்தால் நல்லது. எல்லாவற்றையும் உள்ளே போட்டுப் பூட்டுகிறவன் என்றால், அதைத்தான் நான் உயரத்தையும் மார்பளவையும்விட முதலில் யோசிப்பேன்.

உயரம் என்றதும் நினைவுக்கு வருகிறது, எழுதியிருக்கிறீர்களா என்று தேடினேன், இல்லை. பொது, பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 170 செ.மீ., பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 167. மார்பு சாதாரணமாக 81 செ.மீ., மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். வயது உச்சவரம்பு பொதுப் பிரிவுக்கு 26, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 28, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 31. ஆகவே அவசரமே இல்லை, தம்பிக்கு இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. எழுத்துத் தேர்வில் முதலில் தமிழ்த் தகுதித் தேர்வு, 80 கேள்வி. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள். முதன்மைத் தேர்வுக்கு 70 மதிப்பெண், உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. ஓட்டம் 1,500 மீட்டர், ஏழு நிமிடத்துக்குள். பிறகு கயிறு ஏறுதல், தாண்டுதல், குறுகிய தூர ஓட்டம். ஒவ்வோர் அறிவிப்பிலும் சில்லறை மாற்றங்கள் வரும், வாரியத்தின் அறிவிப்பை முழுவதும் படிக்கச் சொல்லுங்கள். தேறினால் தொடக்க அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாய், படிகள் தனி.

வேலை கிடைத்த பிறகும் படிப்பை விடக் கூடாது. அடியிலிருந்து பதவி உயர்வு மெதுவாகத்தான் வரும். பட்டம் இருந்தால் நிலைய அலுவலர் தேர்வை நேரடியாக எழுதலாம். 2023இல் சார்பு ஆய்வாளர் தேர்வோடு சேர்த்து 129 நிலைய அலுவலர் இடங்களுக்கு ஆள் எடுத்தார்கள். குரூப் 1 தேர்வில் மாவட்ட அலுவலர் பதவியே இருக்கிறது. அஞ்சல் வழியிலாவது ஒரு பட்டத்துக்கு இப்போதே சேர்ந்துவிடட்டும்.

மாநிலத் தேர்வு ஒன்றையே நம்பி உட்கார வேண்டியதும் இல்லை. பிளஸ் டூவில் அறிவியல் படித்திருந்தால் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையின் தீயணைப்புப் பிரிவுக்கு முயலலாம். அங்கே 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓட வேண்டும், வயது 23க்குள். விமான நிலைய ஆணையமும் தீயணைப்புப் பணிக்கு ஆள் எடுக்கிறது, அதற்கு ஓட்டுநர் உரிமம் கையில் இருக்க வேண்டும். பொறியியல் பக்கம் ஆசை வந்தால் நாக்பூரில் தேசியத் தீயணைப்புக் கல்லூரி, கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் தீ பொறியியல் பி.டெக். அந்த 65,000 ரூபாயை எதிலாவது செலவு செய்தே தீர வேண்டும் என்றால், அதில் ஒரு சிறு பகுதியில் கனரக வாகனம் ஓட்டக் கற்கத் தயாராகட்டும், நீச்சல் தெரியாவிட்டால் முதலில் நீச்சல். அரசு மருத்துவமனையில் கண்ணையும் நிறப் பார்வையையும் இப்போதே பார்த்துவிடுங்கள், இரண்டு வருடம் படித்த பிறகு தெரியவந்தால் வீடே இடிந்துபோகும்.

ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரம். 1944 ஏப்ரல் 14இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள், அவர்கள் நினைவாகத்தான் அந்த வாரம். அந்த நாட்களில் நிலையங்களில் செயல்விளக்கம் காட்டுவார்கள். மகனை மட்டும் அனுப்பாமல் நீங்களும் போங்கள். அங்கே இருப்பவர்களில் வயதானவராகப் பார்த்து, உங்கள் அம்மா என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். நான் சொல்வதைவிட அவர் சொல்வது உங்கள் காதில் ஏறும்.

அதுவரை தம்பி கயிறு ஏறிப் பழகட்டும். ஆறு மீட்டர் ஏறினால் முழு மதிப்பெண், ஐந்து மீட்டர்தான் ஏறினால் மதிப்பெண் குறையும். ஓட்டம் பழகுகிறவர்கள் பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள், ஊரில் கயிறு கட்ட இடமில்லை என்பார்கள். உங்கள் வீட்டுக் கொல்லையில் முருங்கையும் வேம்பும் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேம்பில் கட்டச் சொல்லுங்கள், அடியில் இரண்டு வண்டி மணல் கொட்டுங்கள்.