ரிப்பேர் உள்ள பழைய காரைச் சரி செய்து விற்பதா, அப்படியே விற்பதா?

அப்பாவின் கார் ஷெட்டில் நிற்கிறது, கிளட்ச், ரேடியேட்டர், துரு என்று ஏகப்பட்ட வேலை கிடக்கிறது, செலவு பண்ணி விற்றால் கூடுதல் விலை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வராது. ஆர்டிஓ ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்கிற வேலையை மட்டும் செய்யுங்கள், வாங்க வருபவர் கண்ணுக்காக ஒரு ரூபாய் செலவழிக்காதீர்கள்.

எங்களுக்குச் செங்கோட்டை. வீட்டில் இருந்தது 2007 மே மாதம் வாங்கிய மாருதி 800. சாரல் ஊர், ஜூன் பிறந்தால் கொடியில் போட்ட துணியே காயாது, வண்டியின் அடித்தகரம் எங்கே காயப்போகிறது? டிரைவர் சீட் பக்கம் தரை விரிப்பைத் தூக்கினால் ஐந்து ரூபாய்க் காசு போகிற அளவுக்கு ஓட்டை, அது வழியாகத் தரையில் கிடந்த கோழி இறகு தெரிந்தது.

2023 தொடக்கத்தில் விற்றுவிடலாம் என்று பேச்சு எழுந்தபோது அண்ணன் பெயிண்ட் அடித்து விற்கலாம் என்றான், அம்மா பழைய இரும்புக் கடைக்குப் போடச் சொன்னாள், அப்பா விற்கவே வேண்டாம் என்று திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். மெக்கானிக் பாய் துண்டுச் சீட்டில் போட்ட கணக்கு 46,000. அதில் டிங்கரிங், பெயிண்ட் மட்டும் 25,000. ஆனால் அவரே வேண்டாம் என்றும் சொன்னார்: "அண்ணாச்சி, பழைய வண்டியில புதுப் பெயிண்ட்டப் பாத்தா உள்ள எதையோ மறைக்கான்னுதான் வாரவன் நெனப்பான்."

எங்களுக்குப் பெரிய தலைவலி வேறு இடத்தில் இருந்தது. சொந்தக் காரின் பதிவு 15 வருஷம்தான், அதற்கு மேல் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் ஆர்சி, அதாவது பதிவுச் சான்று, 2022 மே மாதமே முடிந்திருந்தது. முடிவதற்கு 60 நாள் முன்பே விண்ணப்பிக்கலாம், அந்த மார்ச் கடைசியில் போயிருந்தால் கட்டணம் 600 ரூபாய், ஏப்ரல் 1 முதல் அது 5,000 ஆகிவிட்டது, பிந்திய ஒவ்வொரு மாதத்துக்கும் 500 வேறு. அண்ணன் மேல் எனக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் உண்டு, சரி, அது வீட்டு விஷயம். ஆர்சி செத்த வண்டியைப் பெயர் மாற்ற முடியாது, புதுப்பிக்க வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஆகவே பிரேக், ஹேண்ட் பிரேக், லைட், ஹாரன், வைப்பர், ஓட்டைக்கு வெல்டிங் வைத்து ஒரு தகரம், ஒரு பேட்டரி. 9,500 ரூபாயில் முடிந்தது. கிளட்சையும் ரேடியேட்டரையும் தொடவில்லை.

முதலில் வந்த புரோக்கர் 22,000 என்றார். அப்புறம் கேரளத்துப் புனலூரிலிருந்து ஒருவர் வந்தார். விற்க மாட்டேன் என்ற அப்பாதான் அவரிடம் எல்லாக் குறையையும் ஒன்று விடாமல் ஒப்பித்தார், ஆளைத் துரத்தத்தான் அப்படிச் சொன்னார் என்பது என் சந்தேகம். "புளியரை தாண்டி எஸ் வளைவுல ஏறும்போதே ஹீட் காட்டுற ஊசி மேல போயிரும், கோட்டைவாசல்ல நிப்பாட்டித் தண்ணி ஊத்தணும்." அவர் ஓட்டிப் பார்க்கிறேன் என்று எங்களையும் ஏற்றிக்கொண்டார். வளைவில் கிளட்ச் கருகும் வாடை, இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர யோசிக்கிறது, ஊசி அப்பா சொன்ன இடத்துக்குச் சரியாகப் போய் நின்றது. கோட்டைவாசலில் இறங்கி பானட்டைத் திறந்தவர் சிரித்துக்கொண்டே, "சேட்டன் பறஞ்ஞது சரியா" என்றார், அண்ணன் சொன்னது சரிதான் என்று. நாங்கள் சொன்னது 38,000, முடிந்தது 36,000. அந்தப் பக்க வரியும் மறுபதிவும் தன் பாடு என்று அவரே சொல்லிவிட்டார். எல்லை தாண்டி விற்கிறவர்கள் இதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கடைசி நாளில் விலையைக் குறைப்பார்கள்.

வேறு மாநிலத்துக்குப் போகிற வண்டிக்கு என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று வேண்டும், அதுதான் படிவம் 28. அதில் வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து வைக்க வேண்டும், சின்ன வயதில் காசு மேல் தாள் வைத்துத் தேய்ப்போமே, அதே வேலை. எங்களுக்கு இரண்டு எழுத்து துருவில் மங்கி, நாலு தாள் வீணானது. லோனில் வாங்கிய வண்டியா? எப்போதோ கட்டி முடித்திருந்தாலும் ஆர்சியில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கும், வங்கிக் கடிதமும் படிவம் 35-ம் கொடுத்து நீக்க வேண்டும். அந்தப் பழைய ஃபைலைத் தேடி எடுக்க எங்கள் கிளைக்கு மூன்று வாரம் ஆனது.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுப் புரோக்கர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். சித்தப்பா அப்படித்தான் ஒரு வேனைக் கொடுத்தார், இரண்டு வருஷம் கழித்து கொல்லத்தில் நடந்த விபத்துக்கு இவர் பெயரில் நோட்டீஸ் வந்தது. வண்டியை யார் ஓட்டினாலும் ஆர்சியில் பெயர் இருப்பவர்தான் உரிமையாளர், நஷ்டஈட்டுக்கும் அவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. விற்ற தகவலை நீங்களும் ஆர்டிஓவுக்குக் கொடுக்க வேண்டும்: அதே மாநிலம் என்றால் 14 நாள், வெளி மாநிலம் என்றால் 45 நாள். சாவி கொடுக்கும்போது தேதியோடு நேரத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

முன்கண்ணாடியில் ஃபாஸ்டேக் இருந்தால் அன்றைக்கே உரித்து, வங்கியில் சொல்லிக் கணக்கை முடித்துவிடுங்கள். நாங்கள் மறந்துவிட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா போனுக்குத் திருவல்லம் சுங்கச்சாவடியில் காசு எடுத்ததாக மெசேஜ் வந்தது. "கோவளத்துக்குப் போயிருக்கான் போல, வண்டி நல்லாத்தான் ஓடுது" என்று அப்பா எல்லோரிடமும் காட்டினார். அடுத்த மாதமும் ஒன்று வந்தது. மூடிவிடலாமா என்று கேட்டேன், இருக்கட்டும் என்றார். அம்மாதான் அவர் தூங்கும்போது போனை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.