பாதி விலைத் தயிரும் மறைத்த தேதியும்

கேள்வி (வாசகி, வேளச்சேரி): பத்து நிமிட டெலிவரி செயலியில் பாதி விலைக்கு நான்கு பாக்கெட் தயிர் வாங்கினேன். ‘உணவு வீணாவதைத் தடுக்கும் சலுகை’ என்று போட்டிருந்தார்கள். வந்து பார்த்தால் மறுநாளோடு காலாவதி. சலுகைப் பொருளைத் திருப்ப முடியாதாம்.

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை. காலாவதி நெருங்கிய பொருளை விலை குறைத்து விற்பது நல்ல காரியம்தான், ஆனால் தேதியைச் சொல்லி விற்க வேண்டும். டென்மார்க்கில் 2015-ல் தொடங்கிய ‘டூ குட் டு கோ’ செயலி, கடைகளில் மிஞ்சிய உணவைப் பையில் போட்டு மலிவாக விற்கிறது, ஆனால் மிஞ்சியதுதான் வரும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறது. உங்களுக்கு விற்றவர்கள் தேதியை மறைத்து, தங்கள் குப்பையை உங்கள் ஃபிரிட்ஜுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

இணைய விற்பனையில் விலை, எடை, தயாரிப்பாளர் முகவரி எல்லாம் காட்ட வேண்டும் என்கின்றன சட்டமுறை எடையளவு விதிகள். தயாரித்த மாதம், வருடத்துக்கு மட்டும் விலக்கு. இந்த விலக்கின் மேல் எனக்குத் தீராத கோபம். பெட்டிக்கடையில்கூடப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தானே காசு கொடுக்கிறோம்? எந்தச் சரக்கு என்றைக்குக் காலாவதியாகும் என்று பார்த்துத்தான் செயலிக்காரர்கள் விலையைக் குறைக்கிறார்கள். அதே தேதியை விலைக்குப் பக்கத்தில் போடட்டும். இன்றே சாப்பிடுகிறவர் ஒரு பாக்கெட் வாங்குவார், நான்கு வாங்க மாட்டார்.

டெலிவரியின்போது பொருளின் ஆயுளில் 30 சதவீதமோ 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இணையத்தில் உணவு விற்கும் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. பத்து நாள் தயிர் என்றால் மூன்று நாளாவது வேண்டும். தேதி தெரியும்படி படம் எடுத்து, பில்லையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஃபோன் செய்து புகார் சொல்லுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி (வாசகர், மடிப்பாக்கம்): உள்ளே கேமரா வைத்த ஃபிரிட்ஜ் வாங்கினால் காய்கறி வீணாவது குறையுமா?

பதில்: வேண்டாம். கீரைக்கட்டுக்கு அடியில் கிடக்கும் கத்தரிக்காய் கேமராவில் தெரியாது. காற்றை உறிஞ்சிப் பையை ஒட்டும் கருவி ஒன்று என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. அதற்கான பைகளைக் கம்பெனி நிறுத்திவிட்டது, வேறு பை பொருந்தவில்லை. எந்தக் கருவியானாலும், அதோடு தொடர்ந்து வாங்க வேண்டியது என்ன, வெளியே கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி (வாசகர், அம்பத்தூர்): டெலிவரி கட்டணம் மிச்சமாகுமே என்று மூன்று கிலோ தக்காளி வாங்கினேன். வீட்டில் இரண்டு பேர்தான். வந்த அன்று நன்றாக இருந்தது, பிறகு பாதி அழுகிவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. கேட்கவும் கேட்காதீர்கள்.

கேள்வி (மெஸ் உரிமையாளர், திருவல்லிக்கேணி): இரவில் சாதமும் சாம்பாரும் மிஞ்சுகின்றன. மறுநாள் விற்பனையைக் கணிக்கும் மென்பொருளுக்கு வருடச் சந்தா கேட்கிறார்கள்.

பதில்: ஒரு மாதம் சோதனைக்குக் கேளுங்கள், தராவிட்டால் விட்டுவிடுங்கள். உங்கள் பில் மெஷினிலேயே ஐட்டம்வாரி விற்பனைக் கணக்கு இருக்கும். அதைக் கிழமைவாரியாக எடுத்து, இரவில் மிஞ்சியதை எடைபோட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். மிஞ்சியதை எழுதாவிட்டால் எந்த மென்பொருளுக்கும் விற்றது மட்டும்தான் தெரியும். சேப்பாக்கத்தில் மேட்ச் நடக்கும் நாளையும், மேன்ஷன் காலியாகும் பொங்கல் வாரத்தையும் நீங்களே குறித்துவையுங்கள்.

அதற்கு மேலும் மிஞ்சினால், கோவையில் 2014-ல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ அமைப்பினர் சென்னையிலும் வந்து எடுத்துக்கொள்கிறார்கள். இலையில் பரிமாறியதைக் கொடுக்கக் கூடாது. கடையை மூடிய பிறகு கூப்பிடாதீர்கள், சாம்பார் சூடாக இருக்கும்போதே கூப்பிடுங்கள்.